சீசனுக்கு முந்தைய கணிப்பில் எல்லா அணிகளும் ஏன் நடுவிலேயே நிற்கின்றன?

மேஜர் லீக் பேஸ்பால் சீசன் தொடங்கும் முன் நாம் வெளியிடும் கணிப்புப் பட்டியலைப் பற்றி நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "உங்கள் பட்டியலில் முதல் அணிக்கு 97 வெற்றி, கடைசி அணிக்கு 62 வெற்றி என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் 2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 111 ஆட்டங்களை வென்றது, 2023-இல் ஓக்லாந்து 50 ஆட்டங்களைத்தான் வென்றது. இப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்திருந்தும் எல்லா அணிகளையும் நடுவில் நெருக்கி வைப்பது தப்பித்துக்கொள்ளும் வழி ஆகாதா? சாம்பியன் யார் என்று ஒரே பெயரைச் சொல்லவும் ஏன் மறுக்கிறீர்கள்?"

இது தப்பித்துக்கொள்ளும் வழி அல்ல. ஓர் அணியின் உண்மையான பலம் எவ்வளவு என்பது ஒன்று, ஒரு சீசனில் அது ஆடும் 162 ஆட்டங்கள் முடிந்தபின் அட்டவணையில் நிற்கும் எண் வேறொன்று. மார்ச் மாதத்தில் நம்மால் மதிப்பிட முடிவது முதலாவதை மட்டுமே. இரண்டாவதில் பலத்தோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது, அந்த அதிர்ஷ்டத்தின் அளவு பெரும்பாலானவர்கள் நினைப்பதைவிட மிகப் பெரியது.

அதைக் கணக்காகவே பார்க்கலாம். முற்றிலும் சமபலமுள்ள 30 அணிகள் இருப்பதாகவும், ஒவ்வோர் ஆட்டமும் நாணயத்தைச் சுண்டிவிடுவது போல முடிவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணிக்கும் எதிர்பார்ப்பு 81 வெற்றிதான். ஆனால் 162 ஆட்டங்களில் இயல்பாக ஏற்படும் விலகல் ஆறரை வெற்றிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு அணிகள் 75-க்கும் 87-க்கும் இடையில் முடிக்கும், 30 அணிகளில் மேலே நிற்கும் ஒன்று 94 வெற்றியை ஒட்டியும் கீழே நிற்கும் ஒன்று 68-ஐ ஒட்டியும் வந்து நிற்கும். பலத்தில் எள்ளளவும் வேறுபாடில்லாத அணிகளிடையே 26 வெற்றி இடைவெளி இப்படித் தானாக உருவாகிறது. உண்மையான லீகில் பலத்திலும் வேறுபாடு இருப்பதால் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. ஆனால் எந்த அணிக்கு அதிர்ஷ்டம் மேலே தள்ளும், எதற்குக் கீழே இழுக்கும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை என்பதால், கணிப்பின் பரப்பு முடிவின் பரப்பைவிடக் குறுகித்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அகலமாக இருக்கும் பட்டியலைக் கண்டால், அதைத் தயாரித்தவர் அதிர்ஷ்டத்தையும் தம்மால் கணிக்க முடியும் என்று நம்புகிறார் என்றே பொருள்.

இதனால்தான் "ஏதோ ஓர் அணி 100 வெற்றியைத் தாண்டும்" என்பதும், "இன்ன அணி 100 வெற்றியைத் தாண்டும்" என்பதும் வேறு வேறு கூற்றுகள் ஆகின்றன. 2021-இல் மூன்று அணிகளும், 2022-இல் நான்கும், 2023-இல் மூன்றும் 100-ஐத் தொட்டன அல்லது தாண்டின. ஆனால் 2024-இலும் 2025-இலும் ஒன்றுகூடத் தொடவில்லை.

2021-இன் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸை எடுத்துக்கொள்வோம். முக்கியமான கணிப்பு முறைகள் அந்த அணிக்கு 75 வெற்றியை ஒட்டியே தந்திருந்தன, அது 107 ஆட்டங்களை வென்று, 106 வென்ற டாட்ஜர்ஸைப் பின்னுக்குத் தள்ளி, ஐந்து அணிகள் கொண்ட தன் டிவிஷனில் (லீகின் உட்பிரிவில்) முதலிடத்தைக் கைப்பற்றியது. பஸ்டர் போஸி, பிராண்டன் கிராஃபோர்ட் போன்ற முப்பது வயதைக் கடந்த வீரர்கள் ஒரே ஆண்டில் சேர்ந்து மலர்ந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அதே அணி, போஸி ஓய்வு பெற்றபின், 81 வென்று 81 தோற்றது. கான்சாஸ் சிட்டி ராயல்ஸின் கதையும் இதை ஒத்ததே. 2015-இல் பெக்கோட்டா என்ற புகழ்பெற்ற கணிப்பு முறை அதற்கு 72 வெற்றி என்றது, அணியோ 95 ஆட்டங்களை வென்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸையும் கைப்பற்றியது. மறு ஆண்டு அதற்கும் 81 வெற்றி, 81 தோல்வி. ராயல்ஸ் விஷயத்தில் முறையின் பக்கமும் குறை இருந்தது என்பதே என் கருத்து: சிறந்த ஃபீல்டிங்கும், ஆட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் வந்து வீசும் ரிலீவர்களின் வலிமையும் அப்போது போதிய மதிப்பைப் பெறவில்லை. மேலும் அந்த ஜூலையில் ஜானி குவேட்டோவும் பென் ஸோப்ரிஸ்டும் அணியில் சேர்வார்கள் என்பதை மார்ச்சில் எவரும் எழுதியிருக்க முடியாது. இவ்வளவையும் சேர்த்தாலும் 23 வெற்றி வேறுபாடு முழுவதும் விளங்கிவிடுவதில்லை, மீதியை அதிர்ஷ்டத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கணிப்பை எப்படித் தொடங்குவது என்று கேட்டால், முந்தைய ஆண்டின் வெற்றி எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள் என்பேன். எடுத்த ரன்களையும் விட்டுக்கொடுத்த ரன்களையும் பாருங்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரப்படி, எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் விட்டுக்கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் கிடைக்கும். 800 ரன் எடுத்து 700 விட்டுக்கொடுத்த அணிக்கு இது 92 வெற்றியைத் தருகிறது. ஏறக்குறைய பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொண்டாலே போதும். 2012-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 93 ஆட்டங்களை வென்றது, ஆனால் சீசன் முழுவதற்குமான ரன் வித்தியாசம் வெறும் 7. ஒரே ரன்னில் முடிந்த ஆட்டங்களில் 29 வென்று 9 மட்டும் தோற்றதுதான் அந்த உயரத்துக்குக் காரணம். மறு ஆண்டு அத்தகைய ஆட்டங்களில் 20 வென்று 31 தோற்றது, மொத்த வெற்றி 85 ஆக இறங்கியது. நெருக்கமான ஆட்டங்களை வெல்லும் திறன் என்று நாம் போற்றுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குத் தொடர்வதில்லை.

அதன்பின் வீரர்களைத் தனித்தனியே மதிப்பிட வேண்டும். புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டாங்கோ உருவாக்கிய மார்செல் என்ற மிக எளிய முறை இன்றும் எனக்குப் பிடித்தமானது. ஒரு வீரரின் கடைசி மூன்று ஆண்டுகளுக்கு, அண்மையிலிருந்து பின்னோக்கி 5, 4, 3 என்று எடை கொடுத்து, வந்ததை லீகின் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, 29 வயதை மையமாக வைத்து வயதுக்கேற்பத் திருத்தினால் பேட்டரின் கணிப்பு தயார். இதைவிடப் பன்மடங்கு சிக்கலான முறைகள்கூட இதைச் சிறிதளவே மிஞ்சுகின்றன. மாற்று வீரர்களை, அதாவது எந்த அணிக்கும் குறைந்த செலவில் எளிதில் கிடைக்கும் சாதாரண வீரர்களை, மட்டும் கொண்டு ஓர் அணியை இறக்கினால் அது சுமார் 48 ஆட்டங்களை வெல்லும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அடிப்படை, அதற்கு மேல் ஒவ்வொரு வீரரும் எத்தனை வெற்றியைக் கூட்டுகிறார் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு நட்சத்திர வீரரின் பங்கு 5 அல்லது 6 வெற்றிதான் என்பதை இந்தக் கூட்டலைச் செய்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் நடக்கும் பயிற்சி ஆட்டங்களின் வெற்றி தோல்வியை நான் கணக்கில் எடுப்பதே இல்லை, அங்கிருந்து வரும் காயச் செய்திகளை மட்டும் கவனிக்கிறேன். 2023 மார்ச்சில் நியூயார்க் மெட்ஸின் ரிலீவர் எட்வின் டியாஸ், நாடுகளுக்கிடையிலான உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியின் வெற்றிக் கொண்டாட்டத்தில் முழங்காலில் அடிபட்டு அந்த சீசனையே இழந்தார். முந்தைய ஆண்டு 101 வென்றிருந்த, லீகிலேயே அதிகச் சம்பளம் வழங்கிய அந்த அணி 75 வெற்றியோடு முடித்தது. ஒரு ரிலீவர் இல்லாததால் மட்டும் 26 வெற்றி சரிந்துவிடாது, ஆனால் வயது முதிர்ந்த பிட்ச்சர்களை நம்பிய அணிக்கு எதிர்பார்ப்பின் கீழ்ப்பக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை அது காட்டுகிறது.

சாம்பியன் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இன்றைய அமைப்பில் 12 அணிகள் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் தொடர்களுக்குச் செல்கின்றன, மேஜர் லீக் பேஸ்பாலில் அடங்கும் அமெரிக்கன், நேஷனல் என்ற இரு லீகுகள் ஒவ்வொன்றிலும் டிவிஷன் வென்றவற்றில் முதல் இரு அணிகள் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்கின்றன. அப்படி முதல் சுற்றைத் தாண்டிய ஓர் அணி, வரும் ஒவ்வொரு தொடரையும் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்புள்ளது என்று தாராளமாகவே கொடுத்தாலும், மூன்று தொடர்களையும் வெல்லும் வாய்ப்பு 22 விழுக்காட்டைத் தொடாது. 2001-இல் 116 வென்ற சியாட்டில் மரினர்ஸ் வேர்ல்ட் சீரிஸை எட்டவே இல்லை, 2006-இல் 83 மட்டும் வென்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் சாம்பியன் ஆனது. 2023-இல் இறுதியில் மோதிய டெக்சாஸும் அரிசோனாவும் முறையே 90, 84 வெற்றி பெற்ற அணிகள். டாட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டிலும் வென்றதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முன் ஓர் அணி தொடர்ந்து வென்றது 1998 முதல் 2000 வரை வென்ற நியூயார்க் யாங்கீஸ்தான். ஆகவே ஒரே பெயரைச் சொன்னால், அந்தப் பெயர் ஐந்தில் நான்கு முறை தவறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பகுதியை மறைத்து முதலாவதை மட்டும் சொல்ல எனக்கு மனம் ஒப்புவதில்லை.

நீங்களும் பட்டியல் போடுங்கள். சீசன் முடிந்ததும் ஒவ்வோர் அணிக்கும் உங்கள் எண்ணுக்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை, கூடுதல் குறைவு பாராமல் எடுத்து, 30 அணிகளுக்கும் சராசரி காணுங்கள். எல்லா அணிக்கும் 81 என்றே எழுதினால் இந்தச் சராசரி பெரும்பாலும் 10-ஐ ஒட்டி வரும். ஒவ்வோர் அணியின் பலத்தையும் துல்லியமாக அறிந்தவருக்கும் அதிர்ஷ்டத்தின் காரணமாகவே அது 5-ஐ ஒட்டி நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையில் உங்கள் எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதை ஒரு சீசனை வைத்து முடிவு செய்யாமல், சில ஆண்டுகள் தொடர்ந்து குறித்து வாருங்கள்.