ஒன்பது கொடிகள், ஒரே விகிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் தேசியக் கொடிக்கு எத்தனை அளவுகள் உண்டு என்று யோசித்திருக்கிறீர்களா? 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு ஒன்பது அளவுகளைச் சொல்கிறது. எல்லாவற்றிலும் பெரியது 6300 மில்லிமீட்டர் நீளம், 4200 மில்லிமீட்டர் உயரம். எல்லாவற்றிலும் சிறியது 150-க்கு 100, அதாவது மேசைமேல் வைக்கும் கொடி. இடையில் 1350-க்கு 900, காரில் கட்டும் 225-க்கு 150 என்று இன்னும் ஏழு. பதினெட்டு எண்களையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் எதை எடுத்துச் சுருக்கினாலும் 3:2 என்றுதான் வந்து நிற்கும். தையற்காரருக்கு அந்த இரண்டு எண்கள் போதும்.

விகிதத்தைச் சுருக்குவது என்றால் எண்களைச் சிறியதாக்குவது என்றுதான் பல பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். என் வகுப்பறை அனுபவத்தில், கணக்கு கசக்கத் தொடங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. நாம் உண்மையில் தேடுவது, இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கக்கூடிய மிகப் பெரிய அளவுகோலை. 1350-க்கு 900 கொடியில் அந்த அளவுகோல் 450. நீளத்தில் அது மூன்று முறை அடங்குகிறது, உயரத்தில் இரண்டு முறை. இதற்குத்தான் பாடப்புத்தகம் மீப்பெரு பொதுக் காரணி என்று பெயர் வைத்திருக்கிறது.

அந்த அளவுகோலை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டால் வகு, மூன்றால் வகு, ஐந்தால் வகு என்று போவார்கள். 91-க்கு 65 என்று கொடுத்தால் அங்கே நின்றுவிடுவார்கள். "இதைச் சுருக்க முடியாது ஐயா" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு குரல் வரும். நான் இரண்டு காகித நாடாக்களைக் கையில் கொடுப்பேன். ஒன்று 91 சென்டிமீட்டர், மற்றது 65. பெரியதன்மேல் சிறியதை வைத்து, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டச் சொல்வேன். 26 கிடைக்கும். 65-இலிருந்து 26-ஐ வெட்டினால் 39, இன்னொரு முறை வெட்டினால் 13. அந்த 13, 26-க்குள் சரியாக இரண்டு முறை அடங்கிவிடும். அளவுகோல் 13. ஆகவே 91:65 என்பது 7:5. அந்தக் கடைசித் துண்டு மிச்சமில்லாமல் பொருந்தும் கணத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இந்த வழி கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் எழுதிவைத்தது. தம் நூலின் ஏழாம் பகுதியை அவர் இதைக்கொண்டுதான் தொடங்குகிறார். கி.பி. 499-இல் ஆரியபட்டர் வேறொரு வகைக் கணக்குக்கு இதே தொடர் வகுத்தலைப் பயன்படுத்தினார். அந்த முறைக்குப் பிற்காலத்தில் குட்டகம் என்ற பெயர் நிலைத்தது. இடித்துப் பொடியாக்குதல் என்று பொருள். வெட்டி வெட்டிச் சிறிதாக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சுருக்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: இரண்டும் ஒரே அலகில் இருக்கின்றனவா? இரண்டு கிலோ இட்லி அரிசிக்கு 50 கிராம் வெந்தயம் என்பதை 2:50 என்று எழுதி, 1:25 என்று சுருக்கிவிட்டால், ஒரு பங்கு அரிசிக்கு 25 பங்கு வெந்தயம் போட வேண்டியிருக்கும். கிலோவைக் கிராமாக்கி 2000:50 என்று எழுதினால்தான் 40:1 என்ற உண்மை வெளிவரும்.

இனி கட்டட வேலைக்கு வருவோம். கான்கிரீட்டுக்கு ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று ஒரு கலவை உண்டு: சிமெண்ட், மணல், ஜல்லி. அரையை நீக்க இரண்டால் பெருக்கினால் 2:3:6. கணக்கு நோட்டில் இதுதான் எளிய வடிவம். கொத்தனாருக்கோ ஒன்றுக்கு ஒன்றரைதான் எளிது. சிமெண்டை ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் அவர் மற்றவற்றை அளக்கிறார். அவர் சொல்வதும் சரி. எந்த வேலைக்கு எந்த வடிவம் உதவும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முழு எண்களில் சுருக்குவதற்கென்று ஒரு பலம் இருக்கிறது. ஒரு வகுப்பில் மாணவியருக்கும் மாணவர்களுக்கும் 3:2, மொத்தம் 48 பேர் என்று ஒருவர் சொல்கிறார். வகுப்பைப் பார்க்காமலே அது தவறு என்று சொல்லிவிடலாம். மூன்றுக்கும் இரண்டுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஆகவே மொத்தம் ஐந்தின் மடங்காகத்தான் இருக்க முடியும். அதே விகிதத்தைச் சுருக்காமல் 12:8 என்று விட்டிருந்தால், மொத்தம் இருபதின் மடங்கு என்று நினைத்துவிடுவோம். 35 பேர் உள்ள வகுப்பு, 21 மாணவியர், 14 மாணவர்கள் என்று எதிரே அமர்ந்திருந்தாலும் நம்ப மறுப்போம்.

பேனா எடுத்துவைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 119-க்கு 85. இரண்டால் போகாது, மூன்றால் போகாது. கழித்துக் கழித்துப் பாருங்கள். கிடைக்கும் விகிதத்தை இன்று ஏற்கெனவே ஒரு முறை சந்தித்திருக்கிறீர்கள். வணக்கம்.