தொட்டில் பார்க்கப் போகும்போது ஒரு அட்டைத் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்

(திரையில்: உள்ளங்கையில் ஒரு அட்டைத் துண்டு. பக்கத்தில் இன்ச் டேப்.)

வணக்கம். என் கையில் இருப்பது பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய அட்டை. அகலம் சரியாக 6 சென்டிமீட்டர். மூன்று வருடத்துக்கு முன், மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்தபோது, இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான்கு கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் சிரித்தார்கள். ஒரு கடையில் "சார், இது அசல் தேக்கு" என்றார்கள். நான் கேட்டது மரத்தைப் பற்றி இல்லை, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றி.

கிளம்பும்போதே அம்மா தடுத்தார். "பிள்ளை பிறக்கும் முன்னாடி தொட்டில் வாங்கக் கூடாதுடா." சரி, வாங்கவில்லை, பார்த்து மட்டும் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். சண்டை போடாதீர்கள், அளந்து முடிவு செய்து வையுங்கள், பணத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் பெயர் சூட்டுகிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் தாய்மாமன் கடைக்கு ஓடி, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த ஒன்றைத் தூக்கி வந்துவிடுவார்.

(காட்சி: பேபி காட், அதாவது நான்கு பக்கமும் கம்பித் தடுப்பு வைத்த குழந்தைக் கட்டில். அதன் பக்கத் தடுப்பில் கம்பிகளுக்கு நடுவே அட்டை.)

இப்போது இந்த 6 சென்டிமீட்டருக்கு வருவோம். குழந்தை கம்பிக்கு நடுவே தலையை நீட்டி மாட்டிக்கொள்ளும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். பெரும் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. புரளும்போது முதலில் கால் வெளியே போகும். கால் போனால் இடுப்பு போகும், வயிறு போகும், தோள்கூட நெளிந்து போய்விடும். தலை மட்டும் போகாது. உடம்பு வெளியே தொங்க, தலை உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகவே இடுப்பே நுழைய முடியாத சந்துதான் பாதுகாப்பான சந்து. அமெரிக்காவில் 1973இல் இதை விதியாக்கினார்கள். உச்ச அளவு இரண்டே கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல், நம் கணக்கில் 6 சென்டிமீட்டர். ஐரோப்பியத் தரவிதி 4.5 முதல் 6.5 சென்டிமீட்டர் வரை அனுமதிக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்பான டின்னை வைத்துச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டின் நுழைந்தால் சந்து பெரிது என்பார்கள். அது அங்கே கிடைக்கும் குண்டு டின்னுக்கான சோதனை. நம்மூர்க் கடைகளில் இப்போது ஒல்லி டின்தான் அதிகம், அதன் குறுக்களவே வேறு. அட்டை போதும், கடைக்காரரும் டின் எங்கே என்று கேட்க மாட்டார். அட்டையைக் குறுக்காகப் பிடித்து நுழைத்துப் பாருங்கள். இடம் மிச்சம் வைத்து உள்ளே போனால் அந்தக் காட் வேண்டாம். அப்புறம் இரண்டு கம்பிகளை இரு கையாலும் அகட்டிப் பாருங்கள். வளைந்து கொடுத்தாலும் வேண்டாம்.

இதே காரணத்தால்தான் தலைமாட்டில் மயில், அன்னம் என்று குடைந்து செதுக்கிய மரத் தொட்டில்களைப் பார்த்தால் எனக்கு உதறுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மயிலின் கழுத்து வளைவு, ஒரு சின்னக் கையோ தலையோ சிக்கும் பொறி. நான்கு மூலையிலும் கோயில் கலசம் மாதிரி குமிழ் வைத்திருப்பார்களே, அதுவும் சட்டையையோ கயிற்றையோ கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க விதிப்படி மூலைக்கால் தடுப்புக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது. கண்ணேறு படாமல் இருக்கக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டும் வீடு என்றால், தூங்கப் போடும்போதாவது கழற்றிவிடுங்கள். கழுத்துச் சங்கிலிக்கும் அதே கதிதான்.

(காட்சி: ஒரு பக்கத் தடுப்பு சரசரவென்று கீழே இறங்குகிறது.)

கடைக்காரர் மிகப் பெருமையாகக் காட்டுவது இதைத்தான். "குனியவே வேண்டாம் மேடம், ஒரு பக்கம் இறக்கிக்கலாம்." இடுப்பு வலியோடு இருக்கும் தாய்க்கு இது வரமாகத் தெரியும். அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் இந்த வகைதான் வீட்டுக்கு வீடு இருந்தது. தடுப்பை ஏற்றி இறக்கும் பிளாஸ்டிக் கொக்கி நாளடைவில் உடையும், ஆணி கழலும், ஒரு மூலை மட்டும் விலகும். விலகிய இடத்தில் மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். அங்கே உருண்டு போன குழந்தையால் திரும்பி வர முடியாது. 2000க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகளின் சாவுக்கு இந்த வகைக் காட்டே காரணம் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2007இலிருந்து நான்கு வருடங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட காட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். 2011 ஜூன் 28 முதல் பழைய மாதிரி இறங்குப் பக்கம் வைத்த காட்டை அங்கே விற்கவே கூடாது.

நம்மூரில் இன்னும் விற்கிறார்கள். நான்கு பக்கமும் அசையாத காட்டை எடுங்கள். குனிய வேண்டும்தான். முதல் சில மாதங்கள் மெத்தையைத் தாங்கும் தட்டை மேல்மட்டத்தில் மாட்டிக்கொண்டால் அவ்வளவு குனியத் தேவையிருக்காது.

அக்கா பிள்ளை படுத்த காட் வருகிறது என்றால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். எத்தனை ஆணி இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். எங்காவது கட்டுக்கம்பியோ சணலோ சுற்றி நிறுத்தியிருந்தால் அது காட் இல்லை, விறகு. பத்து வருடத்துக்கு மேல் பழையதையும் தவிர்ப்பது நல்லது. பெயின்டையும் பாருங்கள். பல் முளைக்கும் பிள்ளை மேல் சட்டத்தைக் கடித்துச் சுரண்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். தாத்தா காலத்துப் பச்சை பெயின்ட் தொட்டிலுக்கு அந்த விதி தெரியாது.

(காட்சி: கடையில் "ஃபுல் செட்". தலையணை, உருளைத் திண்டு, பஞ்சு வேலி, போர்வை, பொம்மை. ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறோம்.)

செட்டில் வருவதை எல்லாம் இப்படி எடுத்து வெளியே வையுங்கள். தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கொடுக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். சுற்றிலும் கட்டும் பஞ்சு வேலி, இடித்துக்கொள்ளாமல் இருக்க என்று விற்பது, அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே தடை செய்யப்பட்ட பொருள். குழந்தை கம்பியில் இடித்துக்கொண்டால் அழும், அவ்வளவுதான். பஞ்சு வேலியில் முகம் புதைந்தால் அழக்கூட முடியாது.

ஏன் என்று பாருங்கள். மெத்தென்ற துணியில் மூக்கு புதைந்தால், விட்ட மூச்சே அந்தப் பஞ்சுக்குள் தங்கி நிற்கும். அதையே குழந்தை திரும்ப இழுக்கும். நாமாக இருந்தால் திணறி எழுந்து தலையைத் திருப்பிவிடுவோம். கைக்குழந்தைக்கு அந்த விழிப்பும் வலுவும் இன்னும் முழுதாக வந்திருக்காது. இலவம்பஞ்சு மெத்தை நமக்குச் சுகம், அதற்கு இல்லை. மெத்தை விறைப்பாக இருக்கட்டும், உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் தங்கக் கூடாது. காட்டுக்குள் போட்டபின் ஓரத்தில் இரண்டு விரல் சேர்ந்து நுழைந்தால் மெத்தை சின்னது. அந்தச் சந்தில் துண்டைச் சுருட்டிச் செருகுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், அது இரட்டை ஆபத்து. மேலே இறுக்கமாக மாட்டும் விரிப்பு ஒன்று போதும். ரப்பர் ஷீட் போடுவதானால் விரிப்புக்கு அடியில், நான்கு பக்கமும் மடித்துச் செருகி. குளிர் என்றால் போர்வைக்குப் பதில் உடம்போடு ஒட்டிய உடுப்பு இன்னொன்று.

அதில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். "பால் கக்கினால் புரையேறிடும், ஒருக்களிச்சுப் போடு" என்று பாட்டிமார் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் இதே வாக்குவாதம். உண்மையில் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் கீழ்க்குழலிலேயே இறங்கிவிடும். குப்புறப் போட்டால்தான் பால் மூச்சுக்குழல் வாயில் வந்து தேங்கும். பிரிட்டன் 1991லும் அமெரிக்கா 1994லும் மல்லாக்கப் போடச் சொல்லிப் பெரிய பிரசாரம் நடத்தின. அதன் பின் பத்தாண்டுகளில் அமெரிக்காவில் தொட்டில் சாவு, அதாவது காரணம் புலப்படாமல் தூக்கத்தில் நேரும் சிசு மரணம், ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தலை தட்டையாகிவிடுமே என்றால், விழித்திருக்கும் நேரத்தில் நம் கண் முன்னால் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். குறைமாதப் பிள்ளை, மூச்சுக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

(காட்சி: உத்தரத்தில் கட்டிய சேலைத் தூளி, மெல்ல ஆடுகிறது.)

இனிமேல்தான் வம்பு. தூளி.

நானும் தூளியில் வளர்ந்தவன்தான். எங்கள் அம்மாச்சியின் நூல் சேலை, உத்தரத்து வளையம், காலால் ஒரு உந்து, இரண்டு நிமிடத்தில் தூக்கம். எந்தக் காட்டாலும் இதைச் செய்ய முடியாது. அதனால் தூளியைக் கிண்டல் செய்யும் வீடியோ இது இல்லை. ஆனால் தூளியின் வடிவத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள், வில் மாதிரி வளைந்திருக்கும். அதில் படுத்த குழந்தையின் தலை முன்னால் மடிந்து, தாடை நெஞ்சில் ஒட்டும். மூச்சுக்குழல் மெல்லிய உறிஞ்சுகுழல் போன்றது, மடங்கினால் அடைபடும். சத்தமே வராது. துணி இருபுறமும் மூடிக்கொள்வதால் முகம் நமக்குத் தெரியவும் தெரியாது.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்து. தூளியில் முறுக்கிச் சுற்றி விளையாடியபோது கழுத்து இறுகியது என்று வரும் செய்திகளை நம் நாளிதழ்களில் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். பெரும்பாலும் பக்கத்தில் பெரியவர்கள் இல்லாத நேரம்.

எங்கள் வீட்டில் கடைசியில் வந்த சமாதானம் இது. ஆட்டித் தூங்க வைக்கத் தூளி, ஆட்டுகிறவர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. சேலையை அகட்டி வைக்கக் குறுக்குக் கட்டை போட்டு, முகம் தெரியும்படி. கண் சொக்கியதும் எடுத்துத் தட்டையான இடத்தில் மாற்றிப் போடுவது. இரண்டில் ஒரு தடவை மகள் விழித்து அழுதாள், பொய் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் தூளியை அவிழ்த்து மடித்துவிடுவது, தொங்கவிடுவதே இல்லை.

சாய்வான நவீனப் படுக்கைகளும் இதே வளைவுக் கணக்கில்தான் மாட்டுகின்றன. பிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ராக் அண்ட் பிளே என்ற ஆடும் சாய்வுப் படுக்கை 2009இல் வந்தது. 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். அதில் படுத்திருந்தபோது இறந்ததாகத் தெரிய வந்த குழந்தைகள் சுமார் நூறு என்று 2023இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூக்கப் படுக்கைகளுக்கும் பஞ்சு வேலியைத் தடுத்த அதே சட்டம்தான் தடை போட்டது. ஆட்டும் வசதி உள்ள மரத் தொட்டில் வாங்கினால், ஆடாமல் பூட்டும் ஊசி இருக்கிறதா, பூட்டியபின் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். சக்கரம் இருந்தால் பிரேக்கும் இருக்க வேண்டும்.

காட் வாங்க வசதி இல்லை, இடமும் இல்லை என்றால் மனம் சுருங்க வேண்டாம். தரையில் பெற்றோருக்குச் சற்றுத் தள்ளித் தனிப் பாய், மேலே இறுக்கி விரித்த ஒரு வேட்டி. விறைப்பு, மட்டம், காலி இடம் எல்லாம் அதில் இருக்கிறது. தலையணை நிரம்பிய முப்பதாயிரம் ரூபாய் காட்டைவிட அது மேல். பெரியவர்களின் மெத்தையில் நடுவே போட்டுக்கொள்வதைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். அதிலும் சோபாவில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண் அயர்வது மிக மோசம், அப்பாக்கள் கவனிக்க.

(காட்சி: அறை. காட்டை ஜன்னலிலிருந்து தள்ளி வைக்கிறோம்.)

காட்டை எங்கே போடுவது? உங்கள் கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், குறைந்தது முதல் ஆறு மாதம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் இதே: அறை ஒன்று, படுக்கை வேறு. ஜன்னல் திரைக் கயிறு, செல்போன் சார்ஜர் வயர், சுவரில் மாட்டிய சாமி படம், இவற்றுக்குக் கீழே வேண்டாம். கொசுவலை கட்டினால் இழுத்துக் கட்டுங்கள், தளர்ந்து முகத்தில் விழும் வலை கொசுவை விட மோசம். முடிந்தால் ஜன்னலுக்கே வலை அடித்துவிடுங்கள்.

பிள்ளை உட்கார ஆரம்பித்தால் மெத்தைத் தட்டை ஒரு படி இறக்குங்கள். பிடித்து நிற்க ஆரம்பித்தால் அடிமட்டத்துக்கு. இறக்க மறந்த அந்த ஒரு வாரத்தில்தான் எங்கள் மகள் மேல் சட்டத்தில் வயிற்றை வைத்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள், நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். உயரம் 90 சென்டிமீட்டரை நெருங்கினாலோ, ஏறித் தாண்டப் பார்த்தாலோ காட்டின் வேலை முடிந்தது.

எங்கள் காட் இப்போது துவைத்த துணி குவிக்கும் இடம். அடுத்த மாதம் மச்சான் வீட்டுக்குப் போகிறது. கழற்றும்போது நட்டு, போல்ட், சாவி எல்லாவற்றையும் எண்ணி ஒரு கவரில் போட்டு, எண்ணிக்கையை மேலே எழுதி, மெத்தைத் தட்டின் அடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். இந்த அட்டையும் அதே கவருக்குள்தான் போகிறது.