பழைய மென்பொருள் எதையெல்லாம் மனத்தில் வைத்திருக்கிறது?

வணக்கம். பின்னால் விசிறிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தினால் நான் பேசி முடிப்பதற்குள் வியர்த்துவிடும்.

பல வருடங்களாக ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைக் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, கொண்டுபோவது பற்றி இன்று பேசப்போகிறேன். எந்த நிறுவனத்தின் கிளவுட் நல்லது என்று சொல்லப்போவதில்லை. பெரும்பாலும் சிக்கல் கிளவுடில் இருப்பதில்லை, நாம் தூக்கிக்கொண்டு போகும் மூட்டைக்குள் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆவணங்களைப் பதிவேற்றிச் சேமிக்கும் மென்பொருள் அது. சர்வரை அப்படியே நகலெடுத்துக் கிளவுடில் வைத்தோம். ஒரு வாரம் எந்தக் குறையும் இல்லை, எங்களுக்கு ஒரே பெருமை. பிறகு கூட்டம் அதிகமானதால் இரண்டாவது சர்வர் ஒன்றைச் சேர்த்து, வருகிறவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் ஒன்றை முன்னால் வைத்தோம். மறுநாள் காலையில் புகார் வந்தது: பதிவேற்றிய கோப்பு ஒரு முறை தெரிகிறதாம், அடுத்த முறை காணவில்லையாம்.

நானும் திறந்து பார்த்தேன். கோப்பு இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன், இல்லை. மறுபடி புதுப்பித்தேன், இருந்தது! இரண்டு மணி நேரம் டேட்டாபேஸைக் குடைந்தோம். அது ஒரு பாவமும் அறியாதது. கடைசியில் நிரலில் ஒரு வரி அகப்பட்டது. வந்த கோப்பை டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் எழுது என்று யாரோ என்றோ எழுதிவைத்திருந்தார்கள். எந்த சர்வரின் டி டிரைவ்? ஒரே சர்வர் இருந்த காலத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இப்போது கோப்பு முதல் சர்வரில் கிடக்கிறது, இரண்டாவது சர்வரின் டி டிரைவ் காலியாக இருக்கிறது.

அதோடு விட்டதா? யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்ற குறிப்பான செஷனும் அந்தந்த சர்வரின் நினைவகத்திலேயே இருந்ததால், பாதி வேலையில் ஆட்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். இரவில் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும் வேலை இரண்டு சர்வரிலும் ஓடி, எல்லோருக்கும் இரண்டிரண்டாகப் போய்ச் சேர்ந்தது. பணம் கட்டச் சொல்லும் கடிதம் இரண்டு முறை வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

தீர்வுகள் ஒன்றும் புதியவை அல்ல. கோப்புகளை அமேசானின் எஸ்3 போன்ற, எல்லா சர்வரும் எட்டக்கூடிய பொதுச் சேமிப்புக்கு மாற்றினோம். செஷனை ரெடிஸ் என்னும், இரண்டு சர்வருக்கும் பொதுவான வேகமான தரவுக் கிடங்கில் வைத்தோம். இரவு வேலையைத் தொடங்கும் சர்வர் முதலில் டேட்டாபேஸில் ஒரு பூட்டைப் போட வேண்டும், பூட்டு கிடைக்காதது சும்மா இருக்க வேண்டும் என்று செய்தோம். கிளவுட் சேவை தரும் ஹெரோகு நிறுவனத்தின் பொறியாளர்கள், அங்கே ஓடும் மென்பொருளை எப்படி எழுத வேண்டும் என்று 2011 வாக்கில் 'பன்னிரண்டு காரணி' என்னும் வழிகாட்டியை எழுதினார்கள். பன்னிரண்டையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். அமைப்பு விவரங்களை நிரலுக்கு வெளியே வை என்னும் மூன்றாவதையும், ஓடும் நிரல் தன்னிடம் எதையும் சேர்த்து வைக்கக் கூடாது என்னும் ஆறாவதையும் முதலில் படியுங்கள். எங்கள் மூன்று தொல்லைகளில் இரண்டு அந்த ஆறாவதில் அடங்கிவிடுகின்றன.

பல சர்வர்களில் ஓடும் நிரல்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு மென்பொருள், இரண்டு சர்வர் என்றால் வேண்டாம். அவ்வளவுதான்.

இன்னொன்று, பலர் சறுக்கும் இடம். மென்பொருளை மட்டும் கிளவுடுக்கு அனுப்பிவிட்டு, பயத்தில் டேட்டாபேஸைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவார்கள். ஒரு திரையைக் காட்ட நிரல் 400 முறை டேட்டாபேஸைக் கேட்கிறது என்று வையுங்கள். பழைய மென்பொருளில் இது அதிசயமே இல்லை. இரண்டும் ஒரே அறையில் இருந்தபோது ஒரு கேள்விக்கு அரை மில்லி விநாடி என்றால் மொத்தம் 0.2 விநாடி. இடையில் தூரம் விழுந்து ஒரு கேள்விக்கு 20 மில்லி விநாடி ஆனால் 8 விநாடி. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, திரை மட்டும் உறைந்து நிற்கிறது. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இது சரியாகாது. கேள்விகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாமே என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொல்வார். நானே அப்படிச் சொன்னவன்தான். இப்போது சொல்ல மாட்டேன். பனைமரத்தின் இடுக்கில் பறவை போட்ட விதையிலிருந்து ஆல் முளைத்து, மெல்ல மெல்லப் பனையைச் சுற்றி வளைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பழைய மென்பொருளையும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதால் மாற்ற வேண்டும். மென்பொருள் நூல்கள் எழுதும் மார்ட்டின் ஃபவுலர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காட்டில் இத்தகைய அத்தி மரங்களைப் பார்த்துவிட்டுத்தான், 2004இல் இந்த முறைக்கு அந்த மரத்தின் பெயரையே வைத்தார். பழையதற்கு முன்னால், வரும் கோரிக்கையைப் பழையதற்கோ புதியதற்கோ திருப்பிவிடும் ஒரு பிராக்ஸியை நிறுத்துங்கள். அறிக்கைப் பக்கங்களை மட்டும் முதலில் புதியதற்குத் திருப்புங்கள். சொதப்பினால் ஒரு வரியை மாற்றிப் பழையதற்கே திருப்பிவிடலாம்.

நெட்ஃபிளிக்ஸ் 2008 ஆகஸ்டில் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்தது. அதன் பிறகு கிளவுடுக்கு நகரத் தொடங்கி, 2016 ஜனவரியில்தான் முடித்தது. கடைசியாக நகர்ந்தவற்றில் பில்லிங்கும் ஒன்று. மாறாக, பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் புதிய அமைப்புக்கு மாற்றியது. 52 லட்சம் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் பாதிக்கப்பட்டார்கள். நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது.

இன்றிரவு உங்கள் நிரலைத் திறந்து 'சி டிரைவ்', 'டி டிரைவ்', 'இதே கணினி' என்று பொருள்படும் 'லோக்கல்ஹோஸ்ட்' ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். எங்களுக்கு 61 வந்தது.

அந்தப் பழைய சர்வரை அணைத்துவிட்டீர்களா என்று கேட்டால், இல்லை. ஆண்டுக் கணக்கு அறிக்கை ஒன்று இன்னும் அதிலிருந்துதான் வருகிறது. அது ஏன் நகர மறுக்கிறது என்பதை அடுத்த காணொளியில் திரையிலேயே காட்டுகிறேன். வணக்கம்.