வால்வு ஆம்ப்புக்கு 600 டிகிரி பெயிண்ட் எதுக்கு?

வணக்கம் மக்களே. பாட்டு கேக்க இஎல்34ங்கிற வால்வு (கண்ணாடிக் குழாய்) வச்சு கட்டுற சிங்கிள் எண்டட் வகை ஆம்ப்ளிஃபயரோட சேஸிஸ், அதாவது எல்லாத்தையும் மாட்டுற தகட்டுப் பெட்டி, அத வெட்டி ஓட்டையெல்லாம் போட்டாச்சு, இப்ப பெயிண்ட். இதுல நெறைய பேர் என்கிட்ட கேக்குறது, பைக் சைலன்சருக்கு அடிக்கிற ஹீட் ரெசிஸ்டன்ட் ஸ்ப்ரே வாங்கிக்கலாமா, டப்பால 600 டிகிரின்னு போட்டிருக்கே, வால்வு சூட்டுக்கு அதானே சரின்னு. வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

அந்த பெயிண்ட் சிலிகான் ரெசின். அடிச்சதும் காஞ்ச மாதிரி தெரியும், தொட்டா ஒட்டாது, ஆனா அது வெறும் மேலாப்புல காஞ்சது, உள்ள கெட்டிப்படணும்னா சூடு வேணும். மொதல்ல 120 டிகிரில அரை மணி நேரம், ஆற விட்டு 200ல அரை மணி நேரம், திரும்ப ஆற விட்டு 300க்கு மேல அரை மணி நேரம், இந்த மாதிரி படிப்படியா சூடு காட்டச் சொல்லி டப்பாலயே போட்டிருப்பான். சைலன்சர்ல வண்டி ஓடும்போதே அந்த சூடு கெடச்சிடும். நம்ம சேஸிஸுக்கு எங்கேர்ந்து கெடைக்கும்? அது கடைசி வரைக்கும் பாதி வெந்த நெலமைலயே கெடக்கும், நகத்தால கீறினா கோடு விழும், ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் தொடச்சா துணில கருப்பு வரும்.

சரி, உண்மையிலயே எவ்ளோ சூடாகுதுன்னு பாப்போம். ஒரு இஎல்34ல ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்ல 1.5 ஆம்பியர், கிட்டத்தட்ட 9.5 வாட், உள்ள இருக்குற பிளேட் (ஆனோட்) அதிகபட்சம் 25 வாட், ஆக ஒரு வால்வுக்கு 30 வாட்டுக்கு மேல சூடாவே வெளிய வருது. கண்ணாடி 200 டிகிரியத் தாண்டும். அதைப் பாத்துட்டுதான் எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா நாம கண்ணாடிக்கா பெயிண்ட் அடிக்கப் போறோம்? அந்த சூட்டுல பெரும்பகுதி காத்தோடயும் கதிர்வீச்சாவும் வெளிய போயிடும், மிச்சத்துல கொஞ்சம்தான் தகட்டுக்கு வரும். இதோ பாருங்க, பழைய ஆம்ப்ப ஒரு மணி நேரமா ஓட விட்டிருக்கேன், வால்வு சாக்கெட்ட ஒட்டி 62 டிகிரி, பவர் டிரான்ஸ்ஃபார்மர் கவர் 55. அவ்ளோதான்.

இதை அளக்குறதுல ஒரு விஷயம் இருக்கு, இத மட்டும் நல்லா கவனிங்க. ஐஆர் (இன்ஃப்ராரெட்) தெர்மாமீட்டர, அதான் தொடாமலே சூடு பாக்குற கருவி, அத பளபளன்னு இருக்குற அலுமினியத்துல நேரா காட்டினா ரொம்ப கம்மியா காட்டும், பாருங்க, இங்க 38ன்னு வருது. அதே எடத்துல ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ரெண்டு நிமிஷம் விட்டு அது மேல காட்டுறேன், 61. ஏன்னா வெறும் அலுமினியம் இன்ஃப்ராரெட்ட சரியா வெளிய விடாது, டேப் விடும். பெயிண்ட்டும் அதே மாதிரிதான், நல்லா வெளிய விடும், அதனால பெயிண்ட் அடிச்சா ஆம்ப் சூடாகும்னு சொல்றது சரியில்ல, சொல்லப்போனா சூடு கொஞ்சம் சுலபமா வெளிய போகும். கருப்பா இருந்தாதான் போகும்னு இல்ல, வெள்ளையும் இந்த விஷயத்துல கிட்டத்தட்ட கருப்பு மாதிரியேதான், அலுமினியத் தூள் கலந்த சில்வர் பெயிண்ட் மட்டும் கொஞ்சம் பின்தங்கும். புடிச்ச கலர அடிங்க.

அப்ப எதை அடிக்கிறது? என்னைக் கேட்டா மொத சாய்ஸ் பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட்ட பொடியா தூவி ஓவன்ல உருக்கி ஒட்ட வைக்கிறது. அது 180லேர்ந்து 200 டிகிரி ஓவன்ல வெந்து வர்றது, நம்ம 62 டிகிரி எல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஜன்னல் கிரில்லுக்கு கோட்டிங் போடுற பட்டறைல குடுத்தா, வேற வேலையோட சேத்து ஓவன்ல வச்சுக் குடுத்துடுவாங்க. குடுக்கும்போது சேஸிஸ் வெறும் தகடா இருக்கணும், சாக்கெட், ரப்பர் கிராமெட், டேக் போர்டு (வயர் சால்டர் பண்ற அட்டை) எதுவும் இருக்கக் கூடாது, ஓட்டைய மூட சாதாரண பட்டி வச்சிருந்தா அதுவும் அந்த சூட்டுல நிக்காது. கோட்டிங் நல்ல தடிமனா விழும், பாட் (வால்யூம் கன்ட்ரோல்) ஓட்டையும் சாக்கெட் ஓட்டையும் டைட்டாயிடும், அதனால அளவ கொஞ்சம் தாராளமா வச்சுக்குங்க. சேஸிஸ் சிஆர் ஷீட்டா (கோல்ட் ரோல்டு இரும்புத் தகடு) இருந்தா பாஸ்பேட் தொட்டில முக்கி எடுத்துட்டு அடிக்கச் சொல்லுங்க, மெட்ராஸ் மாதிரி கடல் காத்து ஊர்ல அத விட்டா ஓரத்துல துரு ஆரம்பிச்சிடும்.

பவுடர் கோட்டிங் கெடைக்கலன்னா கார் டிங்கரிங் பட்டறைல 2கே பெயிண்ட். ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது, அதுவே கெட்டிப்படும், சூடு தேவையில்ல. ஆனா அந்த ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ரொம்ப ஆபத்து, துணி மாஸ்க் கட்டிட்டு மொட்டை மாடில நீங்களே அடிக்காதீங்க, பூத் வச்சிருக்கவங்ககிட்ட குடுத்துடுங்க. வீட்லயே ஸ்ப்ரே பண்ணியே ஆகணும்னா இன்ஜின் எனாமல் கேன் வாங்குங்க, அது சாதாரண சூட்டுலயே காஞ்சு இறுகும், வால்வுக்கு மேல வர்ற வலைக் கூண்டுக்கும் அதே போதும். அலுமினியத்துல நேரா அடிக்காதீங்க, உப்புத்தாள் போட்டு, தின்னர்ல தொடச்சு, எட்ச் பிரைமர் (அலுமினியத்துல பெயிண்ட் புடிச்சு நிக்க அடிக்கிற பிரைமர்) அடிச்சுட்டு அப்புறம் அடிங்க.

டிரான்ஸ்ஃபார்மர் பத்தி ரெண்டு வார்த்தை. மேல இருக்குற பெல் கவர கழட்டி தனியா அடிங்க, காயில் சுத்தின டிரான்ஸ்ஃபார்மர ஓவன்ல வைக்கவே வைக்காதீங்க, உள்ள இருக்குற இன்சுலேஷன் சாதாரண கிளாஸ் ஏ (சூடு தாங்குற அளவ வச்சு பிரிச்ச ஒரு வகை)-ன்னா அதோட எல்லையே 105 டிகிரிதான். லேமினேஷன் (கோர்ல அடுக்கின மெல்லிய இரும்புத் தகடு) ஓரத்துல துரு இருந்தா கையால லேசா தேய்ங்க, கிரைண்டர் வைக்காதீங்க, பிசிறு எழும்பி தகடும் தகடும் ஷார்ட்டாகி எட்டி கரன்ட் (கோருக்குள்ளயே சுத்துற வீண் கரன்ட்) ஓடி கோர் தேவையில்லாம சூடாகும்.

1961ல வந்த மெக்கின்டாஷ் எம்சி275 வால்வு ஆம்ப்ப பாத்திருப்பீங்க, நாலு கேடி88 வால்வு பக்கத்துலயே டிரான்ஸ்ஃபார்மர் டப்பா கருப்பா நிக்கும், சேஸிஸ் குரோம். அத்தன சூட்டுக்குப் பக்கத்துலயே அப்படித்தான் வச்சிருக்கான். அழகுக்கு அழகு, வேலைக்கு வேலை.

கடைசியா எர்த். நான் சொன்ன எந்தப் பெயிண்ட்டும் கரன்ட்ட கடத்தாது. எர்த் போல்ட் வர்ற எடத்துல வட்டமா வெறும் தகடு தெரியுற வரைக்கும் சுரண்டுங்க, ஸ்டார் வாஷர் போட்டு டைட் பண்ணுங்க, மூடித் தகடு தனியா இருந்தா அதுக்கும் ஒரு எர்த் வயர் இழுங்க, உள்ள 400 வோல்ட் வரைக்கும் ஓடுது. பிளக்கோட எர்த் பின்ல ஒரு புரோப், சேஸிஸ்ல பெயிண்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூல இன்னொன்னு, மீட்டர் ஒரு ஓமுக்குக் கீழ காட்டணும். காட்டலன்னா மெயின்ஸ்ல சொருகாதீங்க, கழட்டித் திரும்ப சுரண்டுங்க. என் சேஸிஸ் நாளைக்கு கோட்டிங்குக்குப் போகுது, வந்ததும் வயரிங் வீடியோல பாப்போம்.