கார் உரிமத்தோடு வானில்: ஸ்போர்ட் பைலட்டுக்குச் சட்டம் போடும் எல்லை

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் கார் ஓட்டுநர் உரிமத்தையே உடல்தகுதிக்கு ஆதாரமாக வைத்து விமானம் ஓட்டலாம். 2004இல் அந்நாட்டு விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ கொண்டுவந்த ஸ்போர்ட் பைலட் உரிமம் அதற்கு வழி செய்தது. குறைந்தது 20 மணி நேரம் பறந்து பழகினால் தேர்வுக்குப் போகலாம். வழக்கமான தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரம் வேண்டும்.

சலுகை பெரிது, அதனால் கட்டுப்பாடும் அதிகம். கூட ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம். மலைப்பகுதி தவிர மற்ற இடங்களில் 10,000 அடிக்கு மேல் போகக் கூடாது. மூன்று மைலாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், கீழே தரையும் தெரிய வேண்டும். கூலிக்குப் பறக்கவே கூடாது. எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றை மட்டும் பயணியோடு பகிர்ந்துகொள்ளலாம். அதிலும் பாதியாவது விமானியின் பையிலிருந்து போக வேண்டும். 200 டாலர் செலவானால் நண்பரிடம் 100க்கு மேல் வாங்க முடியாது. இது மிக நல்ல விதி என்பேன். காசு வாங்கிவிட்டால், வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது.

2025 அக்டோபரில் விதிகள் தளர்ந்தன. அதுவரை, நீரில் இறங்காமல் தரையில் மட்டும் இறங்கும் விமானம் என்றால் 600 கிலோவுக்குள், இரண்டு இருக்கையோடு இருக்க வேண்டும். எத்தனையோ பேர் ஓட்டப் பழகிய செஸ்னா 150கூட எடை கூடுதல் என்று ஒதுக்கப்பட்டது. இப்போது நான்கு இருக்கை உள்ள செஸ்னா 172ஐயும் ஓட்டலாம். ஆனால் பயணி ஒருவர்தான். பேரப்பிள்ளைகள் இருவர் என்றால் ஒவ்வொருவராகத்தான் கூட்டிப்போக வேண்டும். தனிப் பயிற்சி பெற்று, பயிற்றுநர் ஒப்புதலும் வாங்கினால் இரவிலும் பறக்கலாம். அப்போது மட்டும் கார் உரிமம் போதாது, மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, என் மனதை உறுத்தும் விதிக்கு வருகிறேன். விமானிக்கான மருத்துவச் சான்றுக்கு ஒருமுறைகூட விண்ணப்பிக்காதவர் கார் உரிமத்தோடு பறக்கலாம். கடைசியாக விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டவர் பறக்க முடியாது. இருவருக்கும் இதயத்தில் ஒரே கோளாறு இருக்கலாம். ஒருவர் உண்மையைச் சொல்லிச் சோதனைக்குப் போனார், மற்றவர் போகவில்லை, அவ்வளவுதான். உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பறக்கக் கூடாது என்பது இருவருக்கும் பொது. அதை மனசாட்சிக்கு விட்ட சட்டம், நேர்மையாக விண்ணப்பித்தவரை மட்டும் தள்ளி வைப்பது நியாயமே இல்லை.

மறுக்கப்பட்டவருக்குக் கதவு ஒரேயடியாக மூடிவிடவில்லை. மறுபடி விண்ணப்பித்து ஒருமுறை சான்று வாங்கிவிட்டால், அது ரத்தாகாமல் தானாகக் காலாவதியான பிறகு கார் உரிமத்தோடு பறக்கலாம். ஆகவே ஐம்பது, அறுபது வயதில் இந்த ஆசை வந்தவர்கள், படிவத்தை நிரப்பும் முன்பே விமானிகளைச் சோதிக்கும் மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனை மட்டும் கேளுங்கள். மருத்துவர் சோதனையைத் தொடங்கிவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க முடியாது.