தோட்டா படாமல் செத்தவை

நடுவர் அவர்களே, வணக்கம். காட்டு விலங்குகள் அருகிப்போக முதல் காரணம் வேட்டையா, வாழிடம் சிதைவதா என்பது இன்றைய கேள்வி. வாழிடம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா சரிஸ்காவைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கினார். நானும்தான் தட்டினேன். 2005 வாக்கில் ராஜஸ்தானின் அந்தப் புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை. கள்ள வேட்டைக்குப் பலியாகிவிட்டன. சரி, ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! 2008-இல் ரந்தம்பூரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை குட்டி போட்டுப் பெருகின. எப்படி முடிந்தது? காடு அங்கேயே இருந்தது. அதுவும் போயிருந்தால் புலியை எங்கே விடுவது, ஐயா வீட்டு மொட்டைமாடியிலா?

இப்போது நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டுத் தள்ளினார்கள், ஒத்துக்கொள்கிறேன். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பூட்டுப் போட்டது. ஐம்பது வருஷத்தில் மலையெல்லாம் வரையாடாக இருக்க வேண்டாமா? 2024-இல் தமிழ்நாட்டில் எண்ணியபோது இருந்தவை 1031.

ஏன்? வரையாடு மேய்வது சோலைகளுக்கு இடையே விரிந்து கிடக்கும் மலைப் புல்வெளியில். பார்ப்பவனுக்கு அது வெறும் புல். சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்து நீலகிரியில் சீகை என்ற வாட்டில் மரத்தையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் பைனையும் நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிட, கற்பூர மரம் விறகுக்கு. மரம் நடுவது புண்ணியம் என்று ஊரே நம்பியது. நெல் வயலில் தேக்கை நட்டுவிட்டு, 'வாங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிட்ட கதைதான்! சீகை தானாகவும் பரவியது, நிழலில் புல் செத்தது. மிஞ்சிய துண்டுகளில் சின்னச் சின்னக் கூட்டமாக ஆடுகள் ஒதுங்கின. அடுத்த மலைக் கூட்டத்தோடு கலக்க வழியில்லை. இத்தனைக்கும் ஒரு தோட்டா செலவாகவில்லை.

நம் இலக்கணக்காரர்கள் நிலத்தை முதற்பொருள் என்றார்கள். விலங்கு அதில் பிறக்கும் கருப்பொருள். எதிரணி இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்திருக்கிறது.

தந்தத்துக்காகச் செத்த யானைகளைச் சொல்லி எதிரணி அம்மா கண்கலங்கினார். எனக்கும் வலித்தது. 2021 நவம்பரில் கோவை நவக்கரைப் பக்கம் தண்டவாளத்தைக் கடந்த மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. தந்தம் கேட்டு அந்த ரயில் வரவில்லை. யானை நடக்கும் வழியில் தண்டவாளம் கிடந்தது, அவ்வளவுதான். அந்த மூன்றையும் கொன்ற வேட்டைக்காரன் யார் என்று எதிரணியைச் சொல்லச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே, நான் உட்கார்ந்துவிடுகிறேன்.