தங்குகடலில் ஒரு டிவி

நேயர்களுக்கு வணக்கம்.

கப்பல்களில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவன் நான். 1999 பிப்ரவரியில் கப்பல்களுக்கான புதிய ஆபத்துக்கால அழைப்பு முறை உலகம் முழுக்க முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் தந்தி தட்டுகிறவருக்குக் கப்பலில் இடமில்லாமல் போனது. கரைக்கு வந்து, இப்போது சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் படகுகளுக்கு வயர்லெஸ், ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ் போன்ற கருவிகளைப் பொருத்துகிறேன், பழுது பார்க்கிறேன். படகில் டிவி பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இது பேச வேண்டிய விஷயமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்குகடல் தொழிலுக்குப் போகிற விசைப்படகில் ஒரு நாள் இருந்து பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. வலை இறக்கி, இழுத்து, மீனை ரகம் பிரித்து, ஐஸ் போட்டு மூடி, மறுபடி வலை இறக்கும் வரை கிடைக்கிற ஒன்றிரண்டு மணி நேரம்தான் அவர்களுக்கு ஓய்வு. கால் நீட்டினால் அடுத்தவர் மேல் படுகிற கேபின். சுற்றிலும் தண்ணீர். வீட்டோடு பேச டவர் கிடையாது. டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர் என்று ஏற்றுகிற பட்டியலில் டிவியும் இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

காசிமேட்டில் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. டிரைவர் வந்து நிற்பார். படகை ஓட்டுகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். “இன்னா சார் இது, கரையில கட்டி வெச்சிருக்கசொல்ல படம் பளிச்சுனு வருது. அலைத்தடுப்பத் தாண்டுனா நின்னு நின்னு போவுது. சிக்னல் அவ்ளோ தூரம் வராதா?”

“தூரம் ஒரு காரணமே இல்ல அண்ணே” என்று சொன்னால் நம்ப மாட்டார். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவையையே எடுத்துக்கொள்வோம். அது ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். கிட்டத்தட்ட தலைக்கு மேல். அவ்வளவு உயரத்தில் இருக்கும் ஒன்றுக்கு, நீங்கள் கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே போனதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. டிஷ் பார்க்க வேண்டிய கோணம் ஒரு டிகிரி அளவுக்குத்தான் மாறும்.

சிக்கல் படகு ஆடுவதில் இருக்கிறது. வீட்டில் மாட்டுகிற 60 சென்டிமீட்டர் டிஷ், தன் இலக்கிலிருந்து இந்தப் பக்கம் ஒன்றரை டிகிரி, அந்தப் பக்கம் ஒன்றரை டிகிரி வரைதான் தாங்கும். சாதாரண அலையிலேயே விசைப்படகு இரண்டு பக்கமும் பத்து டிகிரி சாயும். வலை இழுக்க அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, திருப்பினால் டிஷ்ஷும் கூடவே திரும்பி இலங்கையையோ ஆந்திராவையோ பார்க்கும். பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாகவாவது ஆள் தெரியும். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு நாம் எல்லோரும் அந்தப் புள்ளிகளோடுதான் படம் பார்த்தோம். டிஜிட்டல் அப்படி இல்லை. ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் படம் அப்படியே உறைந்து, கறுப்பாகிவிடும்.

பெரிய கப்பல்களின் மேல்தளத்தில் வெள்ளையாக, உருண்டையாக ஒரு குவிமாடம் பார்த்திருப்பீர்கள்.  அப்படிப்பட்ட குவிமாடத்துக்குள்தான் டிஷ் இருக்கிறது. டிஷ்ஷின் அடியில் மோட்டார்கள், கப்பல் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று உணர்கிற கைரோ. கப்பல் இடதுபக்கம் சாயும்போது டிஷ் வலதுபக்கம் நகரும். நொடிக்குள் பல தடவை திருத்திக்கொண்டே இருக்கும். மேலே இருக்கிற கூடு ஃபைபர் என்பதால் சிக்னல் தடையில்லாமல் உள்ளே போகும். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்தக் கூட்டுக்கும் சேர்த்து அலுமினியப் பெயின்டை அடித்துவிட்டால் சிக்னல் அங்கேயே நின்றுவிடும். இதை மட்டும் பெயின்டர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்தக் குவிமாடங்களில் ஒரு விசேஷம் உண்டு. அது நம் கடலில்தான் நன்றாகத் தெரியும். வட ஐரோப்பாவில் செயற்கைக்கோள் தாழ்வாக, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பாய்மரக் கம்பமும் புகைபோக்கியும் குறுக்கே வந்து மறைக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிற வழியில் வேறொரு தொல்லை வரும். கிரேட் நிகோபாரின் தென்முனையைச் சுற்றி மலாக்கா ஜலசந்திக்குத் திரும்புகிற இடத்தில் ஜிசாட்-15 சுமார் 83 டிகிரி உயரத்துக்குப் போய்விடும். அநேகமாக உச்சந்தலை. பக்கவாட்டில் சுற்றுவது, மேலும் கீழும் நிமிர்வது என்று இரண்டே அச்சில் சுழலுகிற டிஷ்ஷுக்கு அதுதான் சோதனையான இடம். கப்பல் பத்து டிகிரி சாய்ந்தால், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க டிஷ் அரைவட்டம் சுற்றித் திரும்ப வேண்டும். அது சுற்றி முடிப்பதற்குள் கப்பல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். கடல் அமைதியாக இருந்தால் படம் வரும், அலை கிளம்பினால் போகும். கருவி கெட்டுவிட்டது என்று கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. செயற்கைக்கோள் உச்சந்தலையை விட்டு நன்றாக விலகியதும் தானாகச் சரியாகிவிடும்.

கப்பலில் டிவி ரிப்பேர் என்றால் அந்தக் காலத்தில் ரேடியோ ரூம் கதவைத்தான் தட்டுவார்கள். அப்போது சாட்டிலைட் கிடையாது. துறைமுகத்துக்குள் நுழைந்ததும் ஆன்டெனாவைத் திருப்பி உள்ளூர் ஒளிபரப்பைப் பிடிப்போம். ஒளிபரப்பு முறை நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் பால் (PAL) முறை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி, பிரான்சில் செகாம். சென்னையில் வாங்கின பெட்டியை அமெரிக்கத் துறைமுகத்தில் போட்டால் படம் நிற்காமல் உருளும். ஹாங்காங்கில் இன்னும் வேடிக்கை. அங்கேயும் பால்தான், படம் வண்ணத்தோடு நன்றாக வரும். ஆனால் சத்தம் வராது. நம்மூரில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ், அங்கே 6. அந்த அரை மெகாஹெர்ட்ஸால் எல்லோரும் ஊமைப்படம் பார்ப்பார்கள். எல்லா முறையும் எடுக்கிற மல்டி சிஸ்டம் பெட்டிகளை அதனால்தான் கப்பல்காரர்கள் சிங்கப்பூரில் தேடித் தேடி வாங்கினார்கள்.

வண்ணக் குழாய் டிவியில் இன்னொன்றும் நடக்கும். கப்பல் ஒரு திசையில் போகும்போது சரியாக இருந்த நிறம், திசை திரும்பியதும் ஒரு மூலையில் பச்சைத் திட்டாகவும் இன்னொரு மூலையில் ஊதாத் திட்டாகவும் மாறும். குழாயினுள் ஓடுகிற எலக்ட்ரான் கற்றையைப் பூமியின் காந்தப்புலம் லேசாகத் தள்ளிவிடுவதுதான் காரணம். வீட்டில் டிவி ஒரே திசையில் உட்கார்ந்திருக்கும், கப்பலில் வீடே திரும்புகிறதே! பெட்டியை அணைத்து, நன்றாக ஆறவிட்டு மறுபடி போட்டால் உள்ளே இருக்கும் காந்தநீக்கச் சுருள் ‘தும்’ என்று ஒரு சத்தம் போட்டு நிறத்தைச் சரிசெய்யும். பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போனால் அதுவும் முழுசாக உதவாது. காந்தப்புலத்தின் செங்குத்துப் பங்கு அங்கே தலைகீழ். ஆஸ்திரேலியாவில் விற்பதற்கென்று அந்தப் பெட்டிகளைத் தனியாகச் சரிசெய்து அனுப்பினார்கள். எல்இடி திரை வந்தபின் இந்தக் கவலை போய்விட்டது.

இனி எனக்கு மனதில் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-இல் உருவானது. இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. கப்பலில் மாலுமிகளுக்குத் தொலைக்காட்சியும் வானொலியும் கிடைக்க வேண்டும், பயணம் முழுவதற்கும் போதுமான படங்கள் இருக்க வேண்டும், அவற்றை அவ்வப்போது மாற்றித் தர வேண்டும் என்று அதன் வழிகாட்டுதலில் இருக்கிறது. 2022-இல் செய்த திருத்தத்தால், 2024 டிசம்பரிலிருந்து இணைய வசதியும் அதில் சேர்ந்தது. அருமையான ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் அந்த உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது என்று அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கு வருகிற சரக்குக் கப்பல் மாலுமிக்கு உடன்படிக்கையே எழுதி வைத்திருப்பது, அதே சுவரை ஒட்டினாற்போல இருக்கிற காசிமேட்டிலிருந்து கிளம்பும் தொழிலாளிக்கு, படகு உரிமையாளர் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே கடல்தான்.

அதனால் இந்தப் பேச்சில் உரிமையாளர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். லட்சக்கணக்கில் செலவாகும் குவிமாடம் வேண்டாம். ஒரு 24 அங்குல எல்இடி டிவி போதும். 30 வாட்டுக்குள் ஓடிவிடும். 12 வோல்ட் அடாப்டரோடு வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள், இன்வெர்ட்டரே தேவைப்படாது. படகில் இருப்பது 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கட்டியிருப்பார்கள். அதில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்து டிவிக்குக் கொடுக்கிற பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் அரைகுறையாகவே சார்ஜ் ஆகி, சீக்கிரம் செத்துப்போகும். நடுக்கடலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. 24-ஐ 12 ஆக்குகிற நல்ல கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள்.

நல்ல கன்வெர்ட்டர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மட்டமான கன்வெர்ட்டர் கிளப்பும் இரைச்சல் வயர்லெஸ்ஸுக்குள் புகுந்துவிடும். ஆபத்துக்கால அழைப்பு வருவது விஎச்எஃப் 16-ஆம் சேனலில். டிவியால் அது காதில் விழாமல் போனால் அந்த டிவியைக் கடலில் போட்டுவிடலாம். சோதிப்பது எளிது. டிவியை அணைத்துவிட்டு 16-இல் வைத்து, இரைச்சலை அடக்குகிற ஸ்குவெல்ச் குமிழைச் சத்தம் சரியாக அடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். இப்போது டிவியைப் போடுங்கள். ‘புஸ்ஸ்’ என்று இரைந்தால் கன்வெர்ட்டரைத் தள்ளி வையுங்கள், ஒயரில் இரைச்சலைத் தடுக்கிற ஃபெரைட் வளையம் மாட்டுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் மாற்றுங்கள். மீடியம் வேவ் ரேடியோவை இந்த இரைச்சல் இன்னும் மோசமாகத் தாக்கும். டவர் போன பிறகும் கடல் மேல் வெகுதூரம் கேட்பது மீடியம் வேவ்தான். கிரிக்கெட் ஸ்கோரானாலும் புயல் எச்சரிக்கையானாலும் அந்தந்த நேரத்திலேயே காதுக்கு வருவது அதில்தான்.

திரையைப் படகு ஓட்டுகிற அறையான வீல்ஹவுசில் மாட்ட வேண்டாம். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும்; ஒரு பாட்டு பார்த்துவிட்டு நிமிர்ந்தால், விளக்கு மங்கின நாட்டுப்படகு எதிரே வருவது தெரியாது. படுக்கிற கேபினில் மாட்டுங்கள். ஓட்டுகிறவர் தன் முறை முடிந்து வந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கட்டியிருக்கும்போது, காவலுக்குத் தங்குகிறவர்களும் வலை தைக்கிறவர்களும் சேர்ந்து டிவி பார்ப்பார்கள். டிஷ்ஷைப் படகில் வைக்காமல் கரையில் ஊன்றிவிட்டு, கேபிளை மட்டும் படகுக்கு இழுங்கள். தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும், அதற்கு ஏற்றபடி கேபிளைத் தளர்வாக விடுங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது கனெக்டரைத்தான். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி மூடினால் அந்த சீசன் தாங்கும்.

கடலுக்குப் போகிறபோது கைகொடுப்பது பென்டிரைவ். வீட்டில் இருக்கிற அம்மாக்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். அண்ணன் படகேறுவதற்கு முன்னால் அந்த பென்டிரைவை ஒரு நாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் மகள் ஆடின ஆட்டம், பாட்டி பேசினது, புதுசாகப் பிறந்த பிள்ளை குப்புற விழுந்தது எல்லாவற்றையும் போனில் எடுத்து அதில் போட்டு அனுப்புங்கள். பழைய டிவிகள் பல, ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. அதனால் வீடியோவைச் சின்னச் சின்னதாகவே எடுங்கள். போட்டு முடித்ததும் வீட்டு டிவியில் சொருகி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்து அனுப்புங்கள். அங்கே போய் ஓடாவிட்டால் திரும்பி வருகிற வரைக்கும் வேறு வழியில்லை.

நன்றி, வணக்கம்.